லாரிக்கு ஒரு லேப்டாப்: குலுக்கலும் 24 வோல்ட்டும்

காகல் தாண்டி, கோலாப்பூருக்கு முன்னால் ஒரு பட்டறை வாசலில் வண்டி மூன்றாவது நாளாக நின்றிருந்தது. கிளட்ச் பிளேட் தீய்ந்துபோய், அதோடு ஃப்ளைவீலும் கடைசலுக்குப் போயிருந்தது. பெங்களூரு பீன்யாவில் ஏற்றிய பம்பு பாகங்களை மும்பை பக்கம் பிவண்டியில் இறக்க வேண்டும். சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டுதான் இ-வே பில். அதன் கணக்கு இது: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். ஆயிரத்துக்குள் தூரம் என்பதால் எனக்கு ஐந்து நாள் கிடைத்தது. கடைசி நாள் நடுராத்திரி 12 மணிக்குக் காலாவதி. நீட்டிப்பதென்றால் முடிவதற்கு முன் 8 மணி நேரம், முடிந்த பின் 8 மணி நேரம். அதாவது சாயங்காலம் 4 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். விட்டால் போகிற வழியில் வண்டியையும் சரக்கையும் சேர்த்து நிறுத்திவைத்துவிடுவார்கள்.

அந்தக் கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு, பில்லை நீட்டிக்கலாம் என்று, கேபினில் படுக்கிற பெர்த்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். கறுப்புத் திரையில் ஒற்றை வரி: பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே பல்லி சத்தம் போடுவதுபோல டிக், டிக், டிக். ஏழே மாதம்தான் ஆகியிருந்தது அந்த மெஷினுக்கு.

அப்புறம் போனிலேயே செய்தேன். இ-வே பில் தளத்தைப் போன் திரையில் விரலால் பெரிதாக்கி, நிற்கிற இடத்தின் பின்கோடு, மிச்ச தூரம், தாமதத்துக்குக் காரணம், வண்டி எண் என்று ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒருமுறை பாதியில் லாக் அவுட் ஆகிவிட்டது. வெள்ளெழுத்துக் கண்ணாடி வேறு வீட்டில். முடிந்தபோது மணி 12.40.

எனக்கு மூன்று வண்டி. ஒன்றை நானே ஓட்டுகிறேன், மற்ற இரண்டுக்கும் டிரைவர்கள் உண்டு. சொந்த ஊர் சங்ககிரி, குடும்பம் இருப்பது பெங்களூரு தாசரஹள்ளியில். டிரிப் ஷீட், டீசல் மைலேஜ், எந்த டயர் எப்போது மாட்டியது, எந்த புக்கிங் ஆபீஸ் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் எக்செல்லில்தான் கிடக்கிறது. ஃபாஸ்டேக்கில் ஒரே டோலுக்கு இரண்டு தடவை பிடித்திருக்கிறானா என்று ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்க்க வேண்டும். போனில் இதெல்லாம் முடியாது என்று சொல்ல மாட்டேன். முடியும், ஆனால் தலைவலி வரும். ஆகவே லாரியில் ஒரு லேப்டாப் வேண்டும். இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்து வாங்கியதும், அதற்கு வண்டியில் லைன் இழுத்ததும், அதில் வாங்கிய அடியும்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் பழையது ஏன் செத்தது என்று பார்த்தேன். அது சாதாரண ஹார்டு டிஸ்க் போட்ட மெஷின். அந்த டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். படிக்கிற முனை அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனே ஐம்பதாயிரம் நானோமீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட சாமானை நான் பாட்டு ஓடவிட்டு, பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு ஹூப்ளியிலிருந்து ஓட்டியிருக்கிறேன். அதுவும் காலி வண்டியில். வெளியாட்கள் பலருக்குத் தெரியாது, லோடு இருக்கும்போது வண்டி அமுங்கிச் சுகமாகப் போகும். காலியாகத் திரும்பும்போதுதான் பட்டை ஸ்பிரிங் விறைத்துக்கொண்டு நம் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணும். 2003-இலேயே ஐ.பி.எம். தன் திங்க்பேடில் அதிர்வை உணர்ந்து முனையை ஓரம் கட்டுகிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மேசையிலிருந்து நழுவுகிற லேப்டாப்புக்கு அது சரி. லாரியில் வைத்தால் முனை ஓரத்திலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

ஆக, சில்லில் சேமிக்கிற எஸ்.எஸ்.டி. என்பது முடிவாகிவிட்டது. அதில் சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை. இப்போது வருகிற பெரும்பாலான மெஷினில் அதுதான் இருக்கிறது, அதனால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

என் மச்சினன் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். அவன்தான் குழப்பத்தை ஆரம்பித்துவைத்தான். "மாமா, வாங்கறதே வாங்கறீங்க, நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கறதா வாங்கிடுங்க, பத்து வருசத்துக்குக் கவலை இல்லை" என்றான். அவன் காட்டியது விளையாட்டுக்காரர்களுக்கான லேப்டாப். கீபோர்டில் வானவில் ஓடுகிறது. நான் அதன் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். 230 வாட் என்று போட்டிருந்தது, எடை செங்கல் அளவு. "இதை லாரியில எங்கடா சொருகறது?" என்று கேட்டேன். அவன் அதை யோசித்திருக்கவில்லை. அவன்மேல் குற்றமில்லை, அவன் வீட்டில் சுவரெல்லாம் பிளக் பாயின்ட்.

பிராசசர் எது, ரேம் எவ்வளவு என்று ஆரம்பித்தால் கடைக்காரன் கையில் சிக்கிவிடுவோம். என்னைப்போல எக்செல்லும் பிரவுசரும் மட்டும் ஓட்டுகிறவனுக்கு 8 ஜி.பி. ரேமும் எட்டு வருடத்துக்கு முந்தைய ஐ-5-உம் போதும். எப்படி சார்ஜ் ஏறும், எவ்வளவு குலுக்கல் தாங்கும், நடுவழியில் ஒரு பாகம் போனால் யார் கழற்றி மாட்டுவார்கள் என்பதில்தான் மெஷின் தேறும் அல்லது விழும். அதிலும் சார்ஜ்தான் முதல்.

நம் பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக மாட்டி 24 வோல்ட். பேச்சுக்குத்தான் 24. மல்டிமீட்டரை வைத்து அளந்து எழுதிவைத்தேன்: வண்டி அணைந்திருக்கும்போது 25.3, ஓடும்போது 27.9, செல்ஃப் அடிக்கிற அந்த இரண்டு நொடியில் 19-க்கு இறங்கி ஏறுகிறது. காருக்கு விற்கிற சார்ஜரை இதில் சொருகினால் என்னாகும் என்பதை இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு 12 வோல்ட் சார்ஜர் எனக்குப் புகையாகக் காட்டிவிட்டது. "12-24 வோல்ட்" என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அதோடு திருப்திப்படக் கூடாது. உச்சபட்சம் 24 என்றால் நம் வண்டி ஓடும்போதே அதைத் தாண்டிவிடுகிறது. சின்ன எழுத்தில் 32 அல்லது 36 வரை என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பலரும் செய்வது இன்வெர்ட்டர். நானும் அதைத்தான் வைத்திருந்தேன், 300 வாட்டில் ஒன்று. பேட்டரியின் 24 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, லேப்டாப் சார்ஜர் அதை மறுபடி 20 வோல்ட்டாக இறக்கும். மாடிக்கு மூட்டையைத் தூக்கிப் போய் மறுபடி கீழே கொண்டுவருகிற வேலை. ஏற்றும்போது ஒரு பதினைந்து சதவீதம் போகிறது, இறக்கும்போது இன்னொரு பத்துப் பன்னிரண்டு. அதைக்கூட விட்டுவிடலாம். சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே அது அரை ஆம்பியர் குடித்தது. ராத்திரி பத்து மணி நேரம் மறந்துவிட்டால் 5 ஆம்பியர்-மணி காலி. இப்போது வாங்கியிருக்கிற லேப்டாப்பின் இரண்டு பேட்டரியையும் அடியிலிருந்து முழுதாக ஏற்ற நேர் லைனில் ஆவது நாலரை ஆம்பியர்-மணிதான். வேலை செய்கிறவனைவிடச் சும்மா இருக்கிறவன் அதிகம் சாப்பிட்டிருக்கிறான். போதாக்குறைக்கு அதன் ஃபேன் சத்தத்தில் தூக்கமும் கெட்டது.

இதனால்தான் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுகிற லேப்டாப் மட்டும்தான் என்று தீர்மானித்தேன். இந்த பவர் டெலிவரி முறையில் சார்ஜரும் மெஷினும் முதலில் பேசிக்கொண்டு 5, 9, 15, 20 வோல்ட்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யும். லேப்டாப்புகள் 20 கேட்கும். 24-இலிருந்து 20-க்கு இறக்குவது ஒரே படி, வீணாவது பத்து சதவீதம் சுமார். இன்னொரு லாபம், அதே வாயில் போனும் ஏறும். கேபிளில் மட்டும் ஏமாறக் கூடாது. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான், 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள், அதன் தலைக்குள் ஒரு சில்லு இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

முரட்டு லேப்டாப் என்று தனி ஜாதி உண்டு. பானசோனிக்கின் டஃப்புக் 1996-இலிருந்து வருகிறது. ராணுவம், போலீஸ், எண்ணெய்க் கிணறு என்று உழைக்கிற சாமான். புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும், அந்தக் காசுக்கு எனக்கு நாலு டயர் வரும். சாதாரண லேப்டாப் விளம்பரத்திலும் "மில் எஸ்.டி.டி. 810" என்று போட்டிருப்பார்கள். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை, உண்மைதான். ஆனால் எந்தெந்தச் சோதனை செய்வது என்று கம்பெனிக்காரனே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், சான்றிதழ் தருகிற அமைப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. மேக்புக் ஏர் எம்-1 மீது எனக்கு ஒரு கண் இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஃபேனே கிடையாது, தூசி உள்ளே போகாது, 30 வாட்டில் சார்ஜ் ஏறும். ஆனால் ரேம், எஸ்.எஸ்.டி. எல்லாம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது. சித்ரதுர்காவில் நின்றுபோனால் அதைத் திறக்க ஆள் தேட வேண்டும். தவிர, கேபினில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் சாப்பாடு இறங்காது.

வண்டியைப் பெங்களூரு ஓரத்து மாதாவராவில் போட்டுவிட்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். எப்படியும் பகலில் பெரிய வண்டியை ஊருக்குள் விட மாட்டார்கள். 2024 நவம்பரில் பச்சை லைன் மெட்ரோ மாதாவரா வரைக்கும் நீண்டதிலிருந்து எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஏறி உட்கார்ந்தால் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி நடந்துவிடலாம். எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஐ.டி. கம்பெனிகள் மூன்று நாலு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற மெஷின்கள் மொத்தமாக இங்கே வந்து துடைத்து அடுக்கப்படும்.

நான் நுழைந்த கடையில் கல்லாவில் இருந்தவர் மார்வாடி, விற்கிற பையன் கே.ஜி.எஃப். தமிழன். முதலில் கையில் கொடுத்தது திங்க்பேட் எக்ஸ்-270. பன்னிரண்டரை அங்குலம், கைக்கு அடக்கம், பின்பக்க பேட்டரியைக் கழற்றலாம், டைப்-சியும் உண்டு. விலை பதினோராயிரம். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. ஆனால் உள்ளே ஏழாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்கள் கடைகளில் மலிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். லினக்ஸ் போட்டு ஓட்டலாம், தாராளமாக. என் கணக்குப்பிள்ளை டேலி என்கிற கணக்கு மென்பொருளை விட்டு இறங்க மாட்டார், அதனால் எனக்கு விண்டோஸ் வேண்டியிருந்தது.

"அப்படின்னா இது பாருங்கண்ணா" என்று திங்க்பேடிலேயே டி-480-ஐ எடுத்தான். 2018 மாடல், எட்டாம் தலைமுறை ஐ-5, 14 அங்குலம். லாரிக்காரனுக்கு இதில் பிடிக்கிற விஷயம் பேட்டரி. உள்ளே 24 வாட்-மணியில் ஒன்று, பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி இன்னொன்று. பின்னால் இருப்பதைக் கழற்றினாலும் மெஷின் அணையாது, உள்ளே இருப்பது தாங்கிக்கொள்ளும். பின்பக்கத்தில் 72 வாட்-மணி பெரிய பேட்டரியும் மாட்டலாம். ரேம் இரண்டு ஸ்லாட்டில் செருகுவது. அடிமூடியை ஸ்க்ரூ டிரைவர் இருக்கிற யாரும் திறக்கலாம்.

கடையில் நின்று ஒரு மணி நேரம் சோதித்தேன். பையன் சலித்துக்கொண்டான், பரவாயில்லை. முதலில், விண்டோஸ் வருவதற்கு முன்னால் வருகிற பயாஸ் என்கிற அமைப்புக்குள் போய்ப் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனியில் கழித்த மெஷின்களில் மேலதிகாரி பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் நாளைக்கு எதையும் மாற்ற முடியாது. அடுத்து பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், பவர்-சி.எஃப்.ஜி. என்ற கட்டளையில் வரும். வடிவமைத்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். முதல் மெஷினில் உள் பேட்டரி 24-க்கு 9. வேறு எடுக்கச் சொன்னேன். மூன்றாவது மெஷினில் 17 வந்தது, அதை எடுத்துக்கொண்டேன். இரண்டு டைப்-சி வாயிலும் என் கேபிளைச் சொருகி ஆட்டிப் பார்த்தேன். மூடியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கி, கீல் முனகுகிறதா என்று கேட்டேன். பத்தொன்பதாயிரத்து ஐநூறு. பெரிய பேட்டரி தனி. முதலில் வேறொரு கடையில் வாங்கியது 72 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ரிப்போர்ட்டில் 48 காட்டியது. திருப்பிக் கொடுக்க ஒரு சண்டை, அதில் ஒரு நாள் போயிற்று. ஸ்டிக்கரை நம்பாதீர்கள், கடையிலேயே மாட்டி ரிப்போர்ட் எடுங்கள்.

லைன் இழுக்க யஷ்வந்த்பூரில் எனக்கு வழக்கமான எலக்ட்ரீசியன். தர்மபுரிக்காரர், என்னைவிடச் சின்னவர். வந்ததும் பேட்டரிப் பெட்டியைத் திறந்து, இரண்டு பேட்டரிக்கும் நடுவில் உள்ள இணைப்பில் கை வைத்தார். "இங்கிருந்து எடுத்தா பன்னெண்டு வோல்ட்டு வந்துருதுண்ணே. எந்தக் கார் சார்ஜரும் ஓடும். பாட்டுப் பெட்டிக்கு எல்லாருமே இப்படித்தான எடுக்கறாங்க?"

"அதனாலதான் எல்லாரும் வருசத்துக்கொரு பேட்டரி மாத்தறாங்க தம்பி" என்றேன்.

நடுவிலிருந்து எடுத்தால் கீழ்ப் பேட்டரி மட்டும் இறங்கும். டைனமோவுக்கு இது தெரியாது, அது இரண்டையும் ஒன்றாக நினைத்து 28 வோல்ட்டை அனுப்பும். இறங்கியது நிறையாது, நிறைந்தது கொதிக்கும். கொஞ்ச நாளில் ஒன்று வறண்டும் ஒன்று செத்தும் கிடக்கும். 24-ஐ முழுதாக எடுத்து, அங்கிருந்து இறக்குவதுதான் முறை.

நாங்கள் செய்தது இதுதான். கேபினுக்குள் இருக்கிற ஃப்யூஸ் பெட்டியில், சாவி போடாவிட்டாலும் உயிரோடு இருக்கிற பாயின்ட்டைத் தேடினோம். ராத்திரி எஞ்சின் அணைந்த பிறகுதான் எனக்கு வேலை, சாவி லைன் உதவாது. அந்த இடத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், 5 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ். 65 வாட்டுக்கு 24 வோல்ட்டில் சேதாரத்தோடு சேர்த்து 3 ஆம்பியர் ஓடும், ஆகவே 5 போதும். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை, சார்ஜரை அல்ல, அதனால் அது சார்ஜர் பக்கம் இல்லாமல் கரன்ட் புறப்படுகிற பக்கம்தான் இருக்க வேண்டும். அங்கிருந்து ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர், நெளிகுழாய்க்குள் போட்டு, பெர்த்தின் தலைமாட்டுக்கு. ஒரு சுவிட்ச். அதன் பிறகு 10-32 வோல்ட் ஏற்கிற டைப்-சி சார்ஜர், பலகையில் துளை போட்டு இறுக்குகிற வகை. லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற வகை வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் உண்டு. அது ஸ்பிரிங் தொடுகையில் நிற்பது. குலுங்கக் குலுங்க விட்டு விட்டுத் தொடும், தொடுகிற இடம் சுடும்.

செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் 19-க்கு விழுவதால், லேப்டாப் கேட்கிற 20-ஐத் தர முடியாமல் சார்ஜர் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. லேப்டாப் தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருப்பதால் அதற்கு ஒன்றும் தெரியாது. மேசைக் கம்ப்யூட்டர் வகைச் சின்னப் பெட்டிகளை லாரியில் வைக்க நினைக்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள், அவற்றுக்குச் சொந்த பேட்டரி கிடையாது.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் கோழித்தீவன மில்லுக்குப் போகிற டிரிப்பில் சார்ஜ் விட்டு விட்டு ஏற ஆரம்பித்தது. போனுக்கு ஏறுகிறது, லேப்டாப்புக்கு ஏற மறுக்கிறது. சார்ஜர் போய்விட்டது என்றே நினைத்தேன். மல்டிமீட்டரை வைத்தால் 25 வோல்ட் அழகாகக் காட்டுகிறது. லேப்டாப்பைச் சொருகிவிட்டு அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, 17-க்கு இறங்குகிறது. லோடு இல்லாமல் அளந்தால் எல்லா லைனும் நல்ல லைன்தான்.

குற்றவாளி எர்த். அன்றைக்கு நேரமாகிவிட்டது என்று நெகட்டிவ் ஒயரைக் கேபின் தகட்டில் ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தோம், பெயின்ட்டின் மேலேயே. ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஒயர் முனையில் இருக்கிற லக்குக்கு அடியில் வட்டமாகத் துருப்பொடி, நடுவில் ஊசி முனையளவுதான் பளபளப்பு. அந்த முனை வழியாகத்தான் மூன்று வாரமும் கரன்ட் போயிருக்கிறது. போன் கொஞ்சமாகக் கேட்பதால் அதற்குப் போதியது. நெகட்டிவையும் தனி ஒயராக இழுத்து, ஃப்யூஸ் பெட்டிப் பக்கத்திலிருக்கும் எர்த் போல்ட்டில், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்கினேன். இப்போது லோடில் அளந்தாலும் கால் வோல்ட்தான் இறங்குகிறது.

இன்னொரு எச்சரிக்கை. தார்பாய்க் கொக்கி பற்றவைக்கப் பட்டறைக்குப் போனால் பேட்டரி டெர்மினலைக் கழற்றாமல் வெல்டிங் வைக்க விடாதீர்கள். எஞ்சின் கம்ப்யூட்டருக்காக இதைச் சொல்வார்கள், நம் சார்ஜருக்கும் அது பொருந்தும். பக்கத்து வண்டியிலிருந்து பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போதும் சுவிட்சை அணைத்து கேபிளை உருவிவிடுகிறேன்.

குலுக்கலுக்கு நான் செய்தது எளிது. ஓடும் வண்டியில் லேப்டாப் திறந்திருக்கவே கூடாது. டேஷ்போர்டில் ஸ்டாண்டு போட்டு மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பயமாக இருக்கும். பிரேக் பிடித்தால் அது நேரே முகத்துக்கு வரும். வண்டி ஓடும்போது என் மெஷின் முழுதாக ஷட் டவுன், ஸ்லீப் கூடக் கிடையாது. பையை மூடி வைத்த பிறகு ஸ்லீப்பிலிருந்து தானாக விழித்து உள்ளேயே வெந்துகொண்டிருந்ததை ஒருமுறை பார்த்துவிட்டேன். ஜே.சி. ரோட்டில் சீட் கவர் கடையில் ஃபோம் வாங்கிப் பெட்டி செய்தேன். முதலில் வாங்கியது மெத்தென்ற மஞ்சள் ஃபோம். கை வைத்தால் சுகமாக அமுங்கும். அதுதான் தப்பு, பெரிய பள்ளத்தில் முழுதும் அமுங்கித் தரையில் இடிக்கும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ரீபாண்ட் கொடுத்தார், துண்டு ஃபோமை அழுத்திச் செய்கிற கட்டி வகை. அடியில் அது இரண்டு அங்குலம், மேலே மெத்து ஒரு அங்குலம். பழைய தகரப் பெட்டிக்குள் பதித்து, பெர்த்துக்கு அடியில் பூட்டு. கேபிள் எதையும் மாட்டிய நிலையில் வைப்பதில்லை. வாய் தளர்வது சொருகியபடி ஆடும்போதுதான்.

வெயிலில் மூடிய கேபின் 50 டிகிரியைத் தாண்டும். லித்தியம் பேட்டரிக்குச் சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் ஆயுள் குறையும். ஆகவே இந்த மெஷினைச் செய்த லெனோவோவின் வான்டேஜ் செயலியில் 80 சதவீதத்தில் நிறுத்திவைத்திருக்கிறேன். அப்படியும் எட்டு மணி நேரம் வருகிறது, என் வேலைக்கு இரண்டு ராத்திரி.

தூசியைப் பற்றி நான் கவலைப்பட்டது வீண் போகவில்லை. ஐந்தாவது மாதம் ஃபேன் சத்தம் மாறியது. அடிமூடியில் ஆறு ஸ்க்ரூ, அவை மூடியிலேயே தங்கிவிடும், தொலையாது. ஓரத்தில் பழைய ஏ.டி.எம். கார்டை விட்டு நெம்பினேன். திறந்ததும் உள் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட வேண்டும், மறக்க வேண்டாம். ஃபேனுக்கும் செப்புச் சிறகுகளுக்கும் இடையில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று அடைத்திருந்தது. உருவினால் முழுதாக வந்தது, மஞ்சள் நிறம். மூக்கில் வைத்துப் பார்த்தால் மக்காச்சோள வாசனை. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதி மூடினேன். இருபது நிமிட வேலை. காற்றடிக்கும் கடையில் டயருக்கு அடிக்கிற காற்றை இதில் விடாதீர்கள், அதில் தண்ணீர் வரும்.

நெட்டுக்கு போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடுவதைவிட யூ.எஸ்.பி. கேபிளில் இணைப்பது மேல். போன் சூடாகாது, கூடவே சார்ஜும் ஏறும். இந்த மெஷினில் எனக்கு நிஜமாகவே பிடிக்காதது திரை. 250 நிட்ஸ் வெளிச்சம் பகலில் கேபினுக்குள் போதவே போதாது, கண்ணாடி வழியாக வெயில் விழுந்தால் என் முகம்தான் தெரியும். கேபின் திரைச்சீலையை இழுத்துவிட்டு பெர்த்தில் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. பகலில் வெளிச்சத்தில்தான் வேலை என்கிறவர்கள் 400 நிட்ஸுக்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

போன வாரம் இரண்டாவது வண்டியின் டிரைவர் நெலமங்கலாவில் என் கேபினுக்குள் ஏறி, தலைமாட்டிலிருந்த சுவிட்சையும் டைப்-சி வாயையும் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எனக்கும் இந்த லைன் இழுத்துக் குடுங்க."

"உங்களுக்கும் லேப்டாப்பா?"

"அது எதுக்குண்ணா எனக்கு? இதுல மிக்சி ஓடுமா? தேங்காய்ச் சட்னி இல்லாம மகாராஷ்டிரால நாக்கு செத்துப்போச்சு."

500 வாட் மிக்சிக்கு இன்வெர்ட்டர் சேதாரத்தோடு 24 வோல்ட்டில் இருபத்தைந்து ஆம்பியர் ஆகும், கிளம்பும்போது இன்னும் மேலே. இந்த ஒன்றரை ஒயர் தாங்காது. ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயரும் 40 ஆம்பியர் ஃப்யூஸும் வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வண்டி மாதாவரா வந்ததும் இழுக்க வேண்டும், எர்த் இந்தத் தடவை முதலிலேயே போல்ட்டில்.